நான் அழுதாலும் அவருக்கு உறைக்கவில்லை: மனச்சோர்வா, டிமென்ஷியாவா?

கேள்வி: கணவருக்கு வயது 57. ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். என் அம்மா இறந்த அன்று நான் அழுதுகொண்டிருந்தபோது, "சாப்பாடு எப்போது?" என்றார். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்து ஆறு மாதமாகிறது, மாற்றமில்லை. ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது. டிமென்ஷியாவாக இருக்குமா?

பதில்: அந்த வார்த்தை உங்களை எப்படி வதைத்திருக்கும் என்று புரிகிறது. அவர் உங்களை வெறுக்கிறார் என்று மட்டும் இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்தவரின் முகத்தையும் குரலையும் வைத்து அவர் மனநிலையைப் புரிந்துகொள்வதைச் 'சமூக அறிதல்' என்கிறோம். நினைவாற்றல் போல இதுவும் மூளையின் ஒரு திறன். மனநல மருத்துவர்கள் நோய்களைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு (2013), அறிவாற்றல் குறைபாட்டில் கவனிக்க வேண்டிய ஆறு திறன்களில் இதையும் சேர்த்தது. அதனால் ஞாபகம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும், மூளையின் திறன்கள் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மனச்சோர்விலும் இந்தத் திறன் தடுமாறும், ஆனால் விதம் வேறு. சாதாரண முகம்கூடச் சோகமாகவோ கோபமாகவோ தெரியும். நீங்கள் பேசாமல் இருந்தால் 'என்மேல் வெறுப்பு' என்று நினைப்பார். ஒதுங்கியே இருந்தாலும், 'இவளுக்கு ஆறுதலாக இருக்க முடியவில்லையே' என்று பலருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். சோர்வு குறையக் குறைய இதுவும் பெரும்பாலும் தேறும்.

ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற வகையில் அந்த உறுத்தலே இருக்காது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்கும் இந்த நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். தான் மாறியிருப்பதே பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியாது. இனிப்பை அளவில்லாமல் சாப்பிடுவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, முன்பின் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் நடந்துகொள்வது எல்லாம் சேர்ந்து வரலாம். டிமென்ஷியாவின் இன்னொரு வகையான அல்சைமரின் தொடக்கத்தில் பெரும்பாலும் இப்படி இருக்காது. காலையில் நடந்ததை மறந்திருப்பார், ஆனால் நீங்கள் கலங்கினால் கையைப் பிடித்துக்கொள்வார்.

உங்கள் கணவருக்கு எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பது மாத்திரையின் அளவைக் கூட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனைகளும் மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படும். தொடக்கத்தில் ஸ்கேன் சரியாகவே இருக்கலாம், ஞாபகக் கேள்விகளிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆகவே நீங்கள் சொல்வதுதான் பெரிய சான்று. 'அன்பு குறைந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த நாள், என்ன நடந்தது, அவர் என்ன செய்தார் என்று இரண்டு வாரம் எழுதிவைத்து, மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், வீட்டில் ஜாடையாகவோ குத்தலாகவோ பேசினால் அவருக்கு எட்டாமல் போகலாம். "எனக்கு வருத்தமாக இருக்கிறது, பக்கத்தில் உட்காருங்கள்" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். யோசிக்காமல் பணத்தை வாரி இறைப்பதும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில் உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு கண் இருக்கட்டும்.