ஃபோம் ஒட்டினால் வீடு அமைதியாகுமா?

கேள்வி: கோவையில் மெயின் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் புது ஃபிளாட் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். நான், கணவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 74 வயது மாமியார். பஸ் ஹாரன், டிவி, மிக்ஸி என்று காலையிலிருந்து இரவு வரை இரைச்சல். நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசிக்கொள்கிறோம். ஹால் சுவரில் ஃபோம் ஒட்டினால் ரோட்டுச் சத்தம் நின்றுவிடும் என்று ஒரு கடையில் 60,000 ரூபாய் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சத்தத்தைத் தடுப்பது எடை. செங்கல் சுவர் கனமாக இருப்பதால் தடுக்கிறது. ஃபோம் பஞ்சு போல லேசானது, அதை எவ்வளவு ஒட்டினாலும் பஸ் சத்தம் அப்படியே உள்ளே வரும். ஃபோமால் ஆகக்கூடியது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைப்பது மட்டும்தான். அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது “கத்தித்தான் பேசிக்கொள்கிறோம்” என்ற வரி. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான். பஸ் சத்தத்துக்கு டிவி ஏறுகிறது, டிவிக்கு மேலே உங்கள் குரல் ஏறுகிறது, உங்கள் குரலுக்கு மேலே மற்றவர்கள் பேசுகிறார்கள். ரோட்டை நாம் குறைக்க முடியாது. ஆனால் நடுவில் ஒன்று இறங்கினால் மற்றவையும் கூடவே இறங்கும். அதனால் முதலில் டிவியைக் கவனியுங்கள்.

டிவியைக் கூட்டி வைப்பது பெரும்பாலும் உங்கள் மாமியாராகத்தான் இருக்கும். வயதாகும்போது கீச்சென்ற மேல் சுருதி ஒலிகள்தான் முதலில் காதுக்குக் குறையும். பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகள் மங்கிவிடும். “சத்தம் கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அவர்கள் வால்யூமைக் கூட்டுவது அடமல்ல, வேறு வழி தெரியாததால். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மாமியாரை ஒருமுறை கூட்டிப் போங்கள். சில சமயம் காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். தேவையென்றால் செவித்திறன் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

அப்புறம், டிவியின் ஒலியை ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கருக்கு மாற்றி, அவர் நாற்காலியில் காதுக்கு ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடும். பத்தடி தள்ளியிருக்கும் டிவி அலற வேண்டியதில்லை, அவருக்கும் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஹெட்ஃபோனை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது வீட்டுப் பேச்சிலிருந்து அவரைத் துண்டித்துவிடும். “சத்தத்தைக் குறைங்க” என்று சொல்லாமல், “அத்தை, உங்களுக்குத் தெளிவா கேக்கறதுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று கொடுங்கள்.

அடுத்தது எதிரொலி. ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ‘டங்ங்’ என்று இழுத்தால், விட்ரிஃபைடு டைல்ஸும் மொட்டைச் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். புது ஃபிளாட்டுகளில் இது சாதாரணம். 1895இல் ஹார்வர்டில், ஆசிரியர் பேச்சு புரியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்து வந்து அடுக்கி, எதிரொலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். இன்றைய அறை ஒலியியல் தொடங்கியது அந்த மெத்தைகளில்தான். உங்களுக்கும் அதே சரக்கு போதும்: துணி உறை போட்ட சோபா, திண்டு தலையணைகள், தரையில் இரண்டு மடிப்பாகப் பவானி ஜமுக்காளம், திறந்த அலமாரி நிறையப் புத்தகங்கள். திரைச்சீலை கனமான துணியில், ஜன்னலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக, மடிப்பு மடிப்பாகத் தொங்கட்டும். இழுத்துக் கட்டிய மெல்லிய துணியால் பலன் குறைவு.

மிக்ஸியின் அடிப்பாகத்தில் உள்ள ரப்பர் கால்கள் நாளாக நாளாகக் கட்டையாகிவிடும், அவற்றை மாற்றுங்கள். கீழே டவலை மடித்து வைக்கிறார்கள் சிலர். மிக்ஸியின் அடியில் காற்றுத் துளைகள் இருப்பதால் மோட்டார் சூடாகிவிடும். தடிமனான ரப்பர் ஷீட் சரி. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் சுவரைத் தொடாமல் இருக்கட்டும்.

இனி ரோடு. குடியிருப்புப் பகுதிக்கு நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மெயின் ரோடு அதைத் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மகளின் அறை ரோட்டுப் பக்கம் இருந்தால், பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். செலவே இல்லை, மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அதிகப் பலன் தரும். பரீட்சை முடியும்வரைக்குமாவது செய்யுங்கள்.

அது முடியாவிட்டால் அந்த ஓர் அறையின் ஜன்னலுக்கு மட்டும் பணம் செலவழியுங்கள். காற்று நுழையும் இடத்தில் ஒலியும் நுழையும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே, சுவர் எவ்வளவு தடிமனானாலும் மொத்தத் தடுப்பு சுமார் 20 டெசிபலோடு நின்றுவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியை ஜன்னல் ஓரங்களில் காட்டுங்கள். புகை ஆடும் இடமெல்லாம் ஓட்டை. ஸ்லைடிங் ஜன்னலில் தேய்ந்துபோன பிரஷ் பட்டைகளை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். அதுவும் போதாதென்றால், ரப்பரில் அழுந்தி மூடும், கதவு போல் திறக்கும் ஜன்னல் போடலாம். மூடினால் காற்று வராது என்பதால், ரோடு ஓய்ந்த நேரத்தில் தினமும் திறந்து வையுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 12 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரட்டைக் கண்ணாடி வெயிலுக்கு நல்லது, பஸ் உறுமலுக்கு அவ்வளவாக உதவாது. இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நான்கு அங்குலம் விட்டு இன்னொரு ஜன்னல் போடுவது அதைவிட நல்ல தடுப்பு. ஒற்றைக் கண்ணாடிதான் என்றால் லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி பாதுகாப்புக்காகப் போடுவது, சத்தத்தில் அதற்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் வித்தியாசம் கிடையாது.