காட்டுக்குள் கல் சுவர், முகத்துவாரத்தில் மூச்சு வேர்

நடக்கலாம் வாங்க: வாசகர் கேள்விகளுக்குத் திருவொற்றியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை பதில் சொல்கிறார்.

கே: மகன் அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஆக்டன் என்ற சிறிய ஊரில் இருக்கிறான். வரும் மே மாதம் நானும் அவரும் ஆறு மாதத்துக்குப் போகிறோம். "வீட்டுக்குப் பின்னாலேயே காடும்மா, ஊர்க்காரர்கள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், தினமும் நடக்கலாம்" என்கிறான். எனக்குக் காடு என்றாலே நடுக்கம். எனக்கு 58 வயது, அவருக்கு 63. தைரியமாகப் போகலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

ப: தாராளமாகப் போங்கள் அம்மா. அதே ஊரில் மகள் வீட்டில் நான் இரண்டு கோடைகாலம் இருந்திருக்கிறேன். முதல் வாரம் முழுக்க ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்ததோடு சரி. லாரிச் சத்தத்திலேயே நாற்பது வருஷம் தூங்கி எழுந்தவளுக்கு அந்த அமைதியே பயமாக இருந்தது. எட்டாம் நாள் பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் மழை நாள் தவிர ஒரு நாளும் விடவில்லை.

அது யாருடைய காடு என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி போய்விடும். அது ஊருக்குச் சொந்தமான நிலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒவ்வொரு ஊரும் இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒரு குழு வைத்துக்கொள்ளலாம் என்று 1957-ல் சட்டம் வந்தது. ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு, ஊர்ப் பணத்தில் காட்டையும் சதுப்பையும் வாங்கி, யாரும் வீடு கட்டாமல் காப்பாற்றுகிறார்கள். 2000-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஊர் மக்கள் சம்மதித்தால், சொத்து வரிக்கு மேல் அதில் 3 சதவீதம் வரை கூடுதலாக வசூலித்து, இப்படி நிலம் வாங்குவதற்கும் செலவு செய்யலாம். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவதும், சேறு உள்ள இடத்தில் பலகை போடுவதும் பெரும்பாலும் ஊர்த் தன்னார்வலர்கள்தான். ஒருநாள் என் வயதுப் பெரியவர் ஒருவர் பாதைக்கு நடுவே மண்டியிட்டுக் கைவாளால் ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு வந்தவர் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் பக்கத்துத் தெருக்காரர்.

வழி தவறாது. மரங்களில் பெயின்ட் பட்டையோ சின்னத் தகடோ இருக்கும். ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை தெரிந்தால் பாதை அங்கே திரும்புகிறது என்று அர்த்தம். நுழையும் இடத்தில் வரைபடப் பலகை இருந்தால் அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சில இடங்களில் சிக்னல் கிடைக்காது.

பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். மான் உண்ணி என்பார்கள். மே முதல் ஜூலை வரை அதன் குஞ்சுப் பருவம். கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. லைம் என்ற நோய் அதனால் வருகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றே ஓர் ஊர் உண்டு, அந்த ஊர்ப் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். சேலை வேண்டாம் அம்மா. வெளிர் நிறப் பேன்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பாதையின் நடுவிலேயே நடங்கள், ஓரத்துப் புல்லில் உரசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் ஒருவருக்கு ஒருவர் பாருங்கள். எனக்கு ஒருமுறை முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது, மகள்தான் கண்டுபிடித்தாள். முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது கூடாது. அடுத்த சில வாரங்களில் சிவப்பாக வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகிவிடும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பயண இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பாய்சன் ஐவி என்ற கொடி. ஒரு காம்பில் மூன்று மூன்று இலைகளாக இருக்கும். பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவது உங்களுக்குத் தெரியுமே? சலவைக்காரர்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டையும் தோலைப் புண்ணாக்கும். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். இதைத் தெரிந்துகொண்ட அன்று, அந்த அந்நியக் காட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடர்ந்த காட்டுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கல் சுவர்கள் நீளமாக ஓடும். யாரோ கோட்டை கட்டினார்களோ என்று நினைத்தேன். இல்லை, அவை வயல் வரப்புகள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே காட்டை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கியிருந்தார்கள். உழும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த கற்களைத்தான் வரப்பில் அடுக்கினார்கள். பிறகு விவசாயிகள் பலர் மேற்கே நல்ல மண் தேடியும் மில் வேலைக்கும் போய்விட்டார்கள். விட்டுப்போன நிலத்தில் பைனும் ஓக்கும் மேப்பிளும் தானாகவே வளர்ந்து மூடிக்கொண்டன. நீங்கள் நடக்கப்போவது அந்தத் திரும்பி வந்த காட்டில். அக்டோபர் வரை இருப்பதால் மேப்பிள் இலை சிவப்பதையும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கே: முட்டி வலி உண்டு. தினமும் எவ்வளவு தூரம் நடக்கலாம்? செருப்பு போதுமா?
வாசகர், கொருக்குப்பேட்டை

ப: தூரத்தை டாக்டரிடம் கேளுங்கள். சமதளத்தில் கால் மணி நேரத்தில் தொடங்குங்கள், வலித்தால் நிறுத்துங்கள். செருப்பு வேண்டாம், குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் ஷூ போடுங்கள்.

கே: வெளிநாட்டுக் காட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுக்கு சிம்னியும் கன்டெய்னர் லாரியும்தான். வட சென்னைக்காரன் எங்கே போய் நடப்பது?
வாசகர், எண்ணூர்

ப: உங்கள் கோபம் நியாயமானது. என்றாலும் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. விடியற்காலையில், தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் போங்கள். எப்போது வற்றும், எங்கே கால் புதையும் என்று குப்பத்து மீனவர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். கரையோரம் அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போலக் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவைதான் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து சுவாசிக்கிறது. இலையின் மேல் உப்புப் பூத்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் இருளர் மக்கள் கையாலேயே இறால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்த பறிக் கூடைக்குள் போடுவதையும் பார்க்கலாம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததே, அடுத்த மாதம் பழைய மாணவிகள் இருவருடன் அங்கே போனேன். மூச்சு வேர்களில் கறுப்பாக அப்பியிருந்தது. மூக்கைப் பொத்திய குழந்தையைப் பார்ப்பது போல நெஞ்சு அடைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் திரும்பும் வழியெல்லாம் பேச்சே வரவில்லை. ஆக்டன்காரர்கள் ஊர்ப் பணத்தில் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். நமக்கு விலையில்லாமல் கிடைத்த இடம் இது. அதனால்தான் நடந்து போய்ப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அடிக்கடி பார்க்கிறவர்களுக்குத்தான் ஏதாவது ஆனால் உடனே தெரியும், கேட்கவும் வாய் வரும்.

நாள் முழுக்க நேரம் இருந்தால் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸில் பழவேற்காடு போங்கள். உவர்நீர் ஏரிகளில் பரப்பளவில் இந்தியாவிலேயே ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தது அதுதான். தமிழ்நாட்டுப் பக்கம் 1980-லேயே பறவைகள் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரை வரும். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.

கே: மிஸ், எனக்கு மரத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாமல் நடந்து என்ன பயன்?
எட்டாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

ப: தம்பி, உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பி. தியாகராஜர் கோயிலின் தல மரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது மகிழ மரத்தடியில்தான் என்பது கதை. போய் அதன் இலையைப் பார், பறிக்காதே. கீழே பூ விழுந்திருந்தால் எடுத்து முகர்ந்துபார், காய்ந்தாலும் வாசம் போகாது. அடுத்து ஓர் இலுப்பை மரத்தைத் தேடிக் கண்டுபிடி. இரண்டும் சப்போட்டா குடும்பம். இந்தக் கடலோரத்தின் பழைய காடுகளில் வளரும் உலக்கைப்பாலையும் அதே குடும்பம்தான். மூன்றையும் பார்த்த பிறகு, எதன் இலை தடிமனாக இருந்தது என்று எனக்கு எழுதி அனுப்பு.