எந்தப் படம் எதில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

மூன்று ஓடிடி சந்தா, 2 டிபி ஹார்ட் டிஸ்க், ஒரு பெட்டி டிவிடி இருந்தும், ஒரு படம் பார்க்க உட்கார்ந்தால் தேடுவதிலேயே நேரம் போகிறது. வாட்ச்லிஸ்ட்டில் போட்டவையும் காணாமல் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குறித்துவைக்க முடியுமா?
– வாசகர், திருநகர், மதுரை

வாட்ச்லிஸ்ட்டை நம்ப வேண்டாம். உரிமம் முடிந்து படம் போனால், பட்டியலிலும் அது இருக்காது. தளங்களே மாறுகின்றன. ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டன. எனவே படத்தைப் பற்றிய குறிப்பும், அது கிடைக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கூகுள் ஷீட்டில் படத்துக்கு ஒரு வரி போடுங்கள். பெயர், ஆண்டு, ஐஎம்டிபி (படத் தகவல் இணையதளம்) எண், மொழி, எங்கே, சரிபார்த்த தேதி, பார்த்த தேதி என ஏழு பத்திகள் போதும். இதில் ஐஎம்டிபி எண்தான் உயிர். அந்தத் தளத்தில் படத்தின் பக்க முகவரியில் ஆங்கிலத்தில் 'tt' என்று தொடங்கும் எண் அது. ஒரே பெயரை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதினாலும் எண் மாறாது. தமிழ் டப்பிங்குக்கும் மூலப் படத்தின் எண்தான்; அதனால் மொழிக்குத் தனிப் பத்தி.

'எங்கே' பத்தியை நிரப்ப, எந்தப் படம் எந்த ஓடிடியில் என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளம் உதவும். நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள். சந்தாவில் கிடைப்பதையும் வாடகைக்குக் கிடைப்பதையும் அது பிரித்துக் காட்டும். இதைக் கவனிக்காமல் 'இருக்கிறது' என்று குறித்துவிட்டால், பார்க்கும் நேரத்தில் காசு கேட்கும். டிவிடி என்றால் பெட்டி எண்ணையும் எழுதுங்கள். ஷீட்டை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல் கோப்பு) இறக்கி எக்ஸெலில் திறந்தால் தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக உடையலாம். நேரடியாகத் திறக்காமல், டேட்டா மெனு வழியாக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்து உள்ளே எடுங்கள்.

பழைய லேப்டாப்பில், டிஸ்க்கில் உள்ள படங்களைப் போஸ்டரோடு பட்டியலிட்டு ஓட்டும் ஜெல்லிஃபின் மென்பொருள் போட்டிருக்கிறேன். 1965 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கு 2010 படத்தின் போஸ்டர் வருகிறது. சில நாள் கரண்ட் போய் வந்தால் எல்லாப் படமும் காணோம்.
– வாசகர், மேலூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. கோப்பின் பெயரில் ஆண்டு இல்லையென்றால், டிஎம்டிபி என்ற படத் தகவல் தளத்தின் தேடலில் முன்னால் வரும் படத்தையே ஜெல்லிஃபின் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு, 'ஆயிரத்தில் ஒருவன் (1965)' என்று ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஒரே பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்தில் வைத்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே தவறாகச் சேர்ந்ததை மாற்ற, படத்தின் மூன்று புள்ளி மெனுவில் 'ஐடென்டிஃபை' அழுத்தி, டிஎம்டிபி எண்ணைக் கொடுத்துத் தேடி, சரியானதைத் தேர்ந்தெடுங்கள். 'விக்ரம்' (1986, 2022) போன்ற ஒரே பெயர்ப் படங்கள் நம்மிடம் ஏராளம். சேர்க்கும்போதே ஆண்டு போட்டுவிட்டால் இந்த வேலையே வராது.

படங்கள் காணாமல் போவதற்கு, விண்டோஸ் உங்கள் டிஸ்க்குக்கு வேறு டிரைவ் எழுத்து கொடுப்பது காரணமாக இருக்கலாம். பென் டிரைவ் செருகியிருக்கும்போது கணினி திரும்ப ஓடினால் இப்படி ஆகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்குக்கு 'எம்' போல வரிசையில் பின்னால் வரும் ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுங்கள். பிறகு ஜெல்லிஃபின் லைப்ரரியில் அந்தப் பாதையைச் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

ஒரே படம் மூன்று விசிடியில் இருக்கிறது. ஜெல்லிஃபின் மூன்று படமாகக் காட்டுகிறதே?
– வாசகி, உசிலம்பட்டி

விசிடி ஒன்றில் சுமார் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். அதிலுள்ள டிஏடி வகை வீடியோ கோப்புகளை விஎல்சி பிளேயரில் எம்பி4 ஆக மாற்றி ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயரின் கடைசியில் ஹைஃபனுடன் ஆங்கிலத்தில் சிடி1, சிடி2, சிடி3 என்று சேருங்கள். ஒரே படமாகிவிடும். நம் ஊர் விசிடியின் படம் 352×288 தான். பெரிதாக்கி மாற்றினால் தெளிவு கூடாது, கோப்புதான் பெருக்கும்.

பிள்ளைகள் பார்த்ததும் நாங்கள் பார்த்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸில் பார்த்ததை மட்டும் எடுக்க முடியுமா?
– வாசகி, திருமங்கலம்

முடியும், ஆப்பில் தேடாமல் பிரவுசரில் போங்கள். கணக்கில் உங்கள் புரொஃபைலைத் திறந்து, பார்த்தவை பட்டியலின் அடியில் உள்ள 'எல்லாவற்றையும் இறக்கு' பொத்தானை அழுத்தினால், பெயரும் தேதியும் கொண்ட சிஎஸ்வி வரும். ஒரே புரொஃபைலில் கலந்ததைக் கையால்தான் பிரிக்க வேண்டும். ஆகவே, இன்றே ஆளுக்கொரு புரொஃபைல் போடுங்கள். தொடர்களுக்கு ஷீட்டைவிட, பார்த்ததைக் குறித்துவைக்கும் டிராக்ட் தளம் வசதி, கடைசியாகப் பார்த்த எபிசோட் வரை நினைவில் வைத்திருக்கும். படங்களுக்கு அதே போன்ற லெட்டர்பாக்ஸ்ட் தளம் போதும். பட்டியலை சிஎஸ்வியாக ஏற்றவும் இறக்கவும் இடமுண்டு. மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள்.