நாற்பதில் ஏறும் பி.பி., எழுபதில் தெரியும் மறதி: கேள்வி பதில்

பி.பி., சுகருக்கும் வயதான பின் வரும் டிமென்ஷியா என்ற மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பொது மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்கள்.

செவ்வாய்ப்பேட்டை, மளிகை வியாபாரம், வயது 46: ரெண்டு மூணு தடவை பார்த்தும் பி.பி. 144/92 தான். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. மாத்திரை இல்லாமல் ஓட்டலாமா டாக்டர்?

ஓட்டாதீர்கள். தொந்தரவு தெரியாததுதான் இந்த நோயின் கெட்ட குணம். அமெரிக்காவில் ஆரிக் என்ற ஆய்வில் 44 முதல் 66 வயதுக்குள் இருந்த 15,744 பேரைக் கால் நூற்றாண்டு காலம் கவனித்தார்கள். அந்த வயதில் பி.பி. இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட சுமார் 40% அதிகம். புகை பிடித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. சுகர் இருந்தவர்களுக்கு 77% அதிகம்.

காரணம் இதுதான். மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். பக்கவாதம் என்று ஒன்று வராமலேயே அங்கங்கே சின்னச் சின்ன இடங்கள் ரத்தமில்லாமல் கெடும். ஸ்கேன் எடுத்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கணக்குப் போடத் தடுமாறுவது, யோசனை மந்தமாவது எல்லாம் அதற்கு ரொம்ப காலம் கழித்துத்தான் வரும்.

பி.பி.யைக் குறைத்தால் பலன் உண்டா? 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைவு 19% குறைந்தது. டிமென்ஷியாவே குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. அதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் உங்கள் வயதில் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

ஏற்காடு, காபி எஸ்டேட் மேற்பார்வையாளர்: சேலத்துக்கு இறங்கி வந்து பார்த்தால் 150, வீட்டு மெஷினில் 132. எதை நம்புவது?

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் காபி குடித்துவிட்டு, வந்த வேகத்தில் கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். காபியோ பீடியோ ஆனபின் அரை மணி நேரம் விடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் போடக்கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வையுங்கள். காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் எழுதிக் கொண்டு வந்தால், டாக்டருக்கு அந்தத் தாள்தான் பெரிய உதவி. ஆனால் 132 என்பதும் சும்மா விடுகிற எண் இல்லை. உப்பையும் எடையையும் இப்போதே பாருங்கள்.

தட்டுவடை செட்டையும் விடணுமா?

எப்போதாவது சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அம்மாப்பேட்டை, விசைத்தறி, வயது 50: அப்பாவுக்கு மறதிநோய். எனக்கும் வந்துதானே தீரும்?

அப்படி விதி இல்லை. பரம்பரை வாய்ப்பைக் கூட்டலாம், அவ்வளவுதான். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45% தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. பி.பி., சுகர், புகை, கெட்ட கொழுப்பு எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் உண்டு, அதனால்தான் தறிக்காரரான உங்களிடம் சொல்கிறேன். தறிச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறவர் காதடைப்பான் போடுங்கள், ஒரு தடவை காதைப் பரிசோதியுங்கள்.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: 38 வயதிலேயே சுகர் வந்துவிட்டது.

சீக்கிரம் வந்த சுகர் மூளையை அதிக வருஷம் தாக்கும், அதனால் கட்டுப்பாடு இன்னும் முக்கியம். அதற்காகப் பட்டினி கிடந்து தாழ்சுகரை வரவழைக்காதீர்கள், அதுவும் மூளைக்குக் கெடுதல். உட்கார்ந்தே செய்கிற வேலை, ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ஆத்தூர்: அம்மாவுக்கு 78, மறதி ஆரம்பித்திருக்கிறது. பி.பி. தானாகவே 110க்கு இறங்கிவிட்டது. இத்தனை வருஷ மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டிமென்ஷியா வெளியே தெரிவதற்குச் சில வருஷம் முன்பிருந்தே பி.பி.யும் எடையும் இறங்குவதுண்டு. இதை வைத்துத்தான் சிலர் குறைந்த பி.பி.யால் மறதி வந்தது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவைப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளி விழுந்தாலோ தலை சுற்றினாலோ மாத்திரையின் அளவை டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும். அப்படியே வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அவற்றின் குறைவால் வரும் மறதிக்கு மருந்து இருக்கிறது.