புரட்சிகர கம்யூனிஸ்ட் அரசு எல்லாத் தொழில்களையும் கடைகளையும் தன்வசமாக்கினால் சிறு வியாபாரிக்கு என்ன ஆகும்?

போட்டித் தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள், மதிப்பெண்ணாவது கிடைக்கும். என்னிடம் இருப்பது ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாத்தாவின் கதை.

தோழர்கள் சண்டைக்கு வரும் முன் சொல்லிவிடுகிறேன். 1962 மார்ச்சில் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் கம்யூனிஸ்ட் அல்ல. பர்மா கம்யூனிஸ்ட் கட்சியோடு அவருடைய ராணுவம் போரிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தன் அரசுக்குப் புரட்சிக் கவுன்சில் என்று பெயர் வைத்து, சோஷலிசத்துக்கான பர்மியப் பாதை என்று அறிக்கை விட்டு, 1963இல் வங்கிகளையும் 1964 மார்ச்சில் கடைகளையும் எடுத்துக்கொண்டார். கியூபாவில் காஸ்ட்ரோ 1968 மார்ச்சில் தெருவோரத் தின்பண்டக் கடை வரை அரசுடைமையாக்கினாரே, அதற்கும் இதற்கும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேறுபாடு?

அதிகாரிகள் வந்து மூட்டை, டின், தராசு, படிக்கல் வரை எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கினார்களாம். வாசலில் ‘மக்கள் கடை’ என்று பலகையும் ஓர் எண்ணும் ஏறின. தாத்தாவின் பற்று நோட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடையே அதில்தான் இருந்தது. யாருக்கு எந்தத் தேதியில் சம்பளம், எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு எதுவரை கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்த நோட்டில். இதெல்லாம் தெரியாதவர்களிடம் கடை போனது. சோப்பு குவிந்து கிடக்கும், எண்ணெய் இருக்காது. எண்ணெய் கள்ளச் சந்தையில் இருக்கும். அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். ஒளித்து வைத்திருந்ததும் போயிற்று. இந்தியாவுக்குக் கப்பலேறும்போது பாட்டியின் தோட்டைக் கழற்றி வாங்கியவர்கள், பற்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நெல்லுக்கும் அரசே விலை வைத்தது. கட்டுப்படியாகாத விலைக்கு விவசாயி ஏன் விற்பான்? உலகுக்கே அரிசி ஏற்றிய நாட்டில் 1967இல் அரிசிக்காகக் கலவரம். 1987இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் பர்மா சேர்ந்தது.

‘செட்டியார்கள் வட்டிக்கு விட்டு நிலத்தை வளைக்கவில்லையா?’ என்று ஒருவர் நிச்சயம் வருவார். வளைத்தார்கள். 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் இருந்தது. பர்மியர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் தாத்தாவுக்கு அங்கே ஒரு குழி நிலம்கூடக் கிடையாது, அவ்வளவுதான். அரசு கடை நடத்தவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சென்னை வியாசர்பாடியில் ரேஷன் அரிசி தின்று வளர்ந்தவன் நான். ஆனால் ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்தால் எதிரே அண்ணாச்சி கடை திறந்திருந்தது.

இன்னொன்று. பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைத் தின்றுவிட்டுக் காணொளி போடுபவர்கள் யாராவது, பர்மாவிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களின் பட்டா சிக்கலைப் பற்றிப் பேசியதுண்டா? அகதியாக வந்த குடும்பம் என்று பட்டா கேட்டு ஓர் அலுவலகத்தில் போய் நின்றால், தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்ததற்கு அசல் ஆவணம் கேட்கிறார்கள். பற்று நோட்டைக் காட்டினேன். அதில் அரசு முத்திரை இல்லையாம். பர்மா அரசு கொடுத்த கையகப்படுத்தல் ரசீதின் நகலை யாராவது, எங்கிருந்தாவது வாங்கியிருந்தால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்.