ஜூன் மாதம் எவர்கிளேட்ஸில் கூடாரமா? மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள், டீச்சர்

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் குடும்பம் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் டாம்பாவில் இருக்கிறது. விசா கையில் இருக்கிறது, விமான டிக்கெட் இன்னும் போடவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஜூனில் லீவு, அதனால் அப்போது போய் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. நாகர்கோவிலில் ஒரு ஏஜென்ட் பெர்மிட், போட் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று சொல்லி 5,000 முன்பணமும் வாங்கிவிட்டார். மிச்சத்தைக் கொடுக்கலாமா, முதலை பயம் உண்டா, அறுபது தாண்டிய நாங்கள் தாங்குவோமா என்று கேட்கிறார்.

டீச்சர், தாராளமாகத் தாங்குவீர்கள். ஆனால் ஜூனில் இல்லை. அந்த ஏஜென்டுக்கு இன்னொரு ரூபாயும் வேண்டாம்.

முதலில் ஜூன். நம்ம மாவட்டத்தில் ஜூன் என்றால் சாரல், திற்பரப்பில் தண்ணீர் கொட்டும், காற்று சில்லென்று இருக்கும். அந்த நினைப்பில் கிளம்பாதீர்கள். அங்கே மே முதல் நவம்பர் வரை மழைக்காலம்: பகலில் 32 டிகிரி, உடம்போடு ஒட்டுகிற புழுக்கம், மத்தியானம் இடியோடு மழை, ஜூன் 1 முதல் புயல் சீசன் வேறு. எல்லாவற்றையும்விடக் கொசு. ஃபிளமிங்கோ என்ற முகாம் பகுதியில் இன்றைக்குக் கொசு எவ்வளவு என்று காட்ட ஒரு 'கொசு மீட்டர்' பலகையே வைத்திருக்கிறார்கள், அதிலிருந்தே புரிந்துகொள்ளுங்கள். கொசுவைவிடச் சின்னதாக ஒரு கடிபூச்சியும் உண்டு, சாதாரண வலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கதையே வேறு. பகல் 25 டிகிரி, ராத்திரி 12 வரை இறங்கும், ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. எவர்கிளேட்ஸ் நாம் நினைக்கிற மாதிரி காடு இல்லை, தேரூர் குளத்தையும் மணக்குடி காயலையும் ஒட்டவைத்து 15 லட்சம் ஏக்கருக்கு விரித்தது போன்ற இடம். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர், பறவையும் முதலையும் எங்கெங்கோ சிதறிவிடும். தண்ணீர் வற்றினால்தான் மிச்சமிருக்கிற குட்டைகளில் வந்து கூடும், நாமும் கண்ணால் பார்க்க முடியும். சுசீந்திரம் குளத்தில் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துமே பாம்புத்தாரா, அதன் சொந்தக்காரப் பறவையை அங்கே நடைபாதை ஓரத்திலேயே பார்க்கலாம்.

ஆகவே டிக்கெட்டை நவம்பர் கடைசிக்குப் போடுங்கள். கிறிஸ்துமஸ் லீவு கிடைக்கும், அதில் கூட்டம் என்றால் ஜனவரி மூன்றாம் திங்களும் பிப்ரவரி மூன்றாம் திங்களும் அங்கே அரசு விடுமுறை, சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள்.

இனி ஏஜென்ட் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதே ஏமாற்று வருஷா வருஷம் என் மேஜைக்கு வருகிறது. அவர் 'போட்' என்று சொல்வது பெரும்பாலும் ஏர்போட், பின்னால் பெரிய காற்றாடி வைத்து இரைச்சலோடு ஓடுகிற படகு. பூங்காவின் பெரும்பகுதியில் அது ஓடவே கூடாது. டமியாமி டிரெயில் என்ற நெடுஞ்சாலை ஓரமாகத் தனியார்கள் ஓட்டுகிறார்கள், அரை மணி, ஒரு மணி நேரச் சவாரி, யார் வேண்டுமானாலும் நேரில் போய் டிக்கெட் எடுக்கலாம். அதைத்தான் 'எவர்கிளேட்ஸ் பேக்கேஜ்' என்று விற்கிறார்கள். 'பெர்மிட்' என்பது அடுத்த புளுகு. கார் போகிற முகாம் இடங்களுக்குப் பெர்மிட் கிடையாது, இடத்தை முன்பதிவு செய்தால் போதும். துடுப்புப் படகில் உள்ளே போய், தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கிற மரமேடைகள் போன்ற இடங்களில் தங்குகிறவர்களுக்குத்தான் பெர்மிட். நீங்கள் அதற்குப் போகப்போவதில்லை. முன்பதிவை மகளே தன் கார்டு போட்டு பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாகச் செய்யலாம், கூடாரத்துக்கு ஒரு இரவு வாடகை சில பத்து டாலர்தான்.

இடம் எங்கே என்பதும் முக்கியம். பூங்காவுக்குப் பல வாசல், உள்ளே ஒன்றுக்கொன்று சாலை இல்லை. டாம்பாவிலிருந்து வந்தால் வரைபடத்தில் எவர்கிளேட்ஸ் சிட்டி முதலில் வரும், அப்புறம் ஷார்க் வேலி. இரண்டிலும் காரை நிறுத்திக் கூடாரம் போட இடமில்லை. முதல்முறை நானும் போனில் 'எவர்கிளேட்ஸ்' என்று மட்டும் அடித்துவிட்டுக் கூடாரமும் அடுப்புமாக ஷார்க் வேலியில் போய் நின்றேன். நீங்கள் ஹோம்ஸ்டெட் ஊர் வழியாகப் போகிற வாசலுக்கு வர வேண்டும். உள்ளே ஏழு மைலில் லாங் பைன் கீ முகாம், 38 மைலில் ஃபிளமிங்கோ. அந்த 38 மைல் என்பது நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, இடையில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. சாமானெல்லாம் ஹோம்ஸ்டெட்டிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு, அதை வைத்துத்தான் ஏஜென்ட் உங்களை மடக்குவார். லாங் பைன் கீ கோடையில் மூடிவிடும், ஆனால் ஃபிளமிங்கோ வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். "பாருங்க, ஜூனில் இடம் காலி" என்று திரையைத் திருப்பிக் காட்டுவார். காலியாக இருப்பதற்குக் காரணமே யாரும் போகாததுதான்! சரி, ஜூனில் அங்கே தங்கவே முடியாதா என்றால் முடியும், மின் இணைப்பு உள்ள இடங்கள் ஃபிளமிங்கோவில் இருக்கின்றன, ஏசி வைத்த வீட்டு வண்டியை (உள்ளேயே படுக்கை வைத்த பெரிய வண்டி) அங்கே நிறுத்தி, கதவைச் சாத்தி, உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். துணிக் கூடாரத்துக்கு அது பொருந்தாது. வண்டி என்றாலும் பல் தேய்க்கக் கதவைத் திறந்தால் கொசு உள்ளே வரும். லாங் பைன் கீயில் மின் இணைப்பே கிடையாது, ஆகவே இந்த விதிவிலக்கு ஃபிளமிங்கோவுக்கு மட்டும், அதுவும் வீட்டு வண்டிக்கு மட்டும். மகள் வீட்டில் அப்படி வண்டி இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் கார் ஒன்றுக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரி முதல் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று பதினொரு பூங்காக்களில் கொண்டுவந்திருக்கிறார்கள், எவர்கிளேட்ஸும் அதில் ஒன்று. ஒரே காரில் மகள் உள்ளூர் ஆள், அம்மாவும் அப்பாவும் வெளியூர் ஆள். முகாமுக்கு ஒரு பதிவு, நுழைவுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் இது. எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டமோ! ஏஜென்ட் சொன்ன 42,000-இல் இந்த 200 டாலர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

முதலை? அங்கே இரண்டு இனம், அலிகேட்டரும் குரோக்கடைலும். இரண்டும் சேர்ந்து வாழ்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். 15 அடி தள்ளி நில்லுங்கள், இரை போடாதீர்கள், பேரப்பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் தனியாக விடாதீர்கள். அவ்வளவுதான். நிஜத் தொல்லை ரக்கூன் என்ற பிராணி, குடிதண்ணீருக்காகவே பையைக் கிழிக்கும், ஏத்தங்காய் சிப்ஸை விட்டுவைக்குமா? எல்லாவற்றையும் ராத்திரி கார் டிக்கியில் பூட்டுங்கள். லாங் பைன் கீ பக்கம் பாய்சன்வுட் என்று ஒரு மரம் உண்டு, மாமரமும் முந்திரியும் அதுவும் ஒரே குடும்பம். நம்ம ஊர் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோடு எண்ணெய் பட்டு வெந்த கைகளைப் பார்த்திருப்பீர்கள், இந்த மரத்தின் பால் பட்டாலும் தோல் அப்படித்தான் பொத்துப்போகும். அடையாளம் தெரியாத மரத்தில் சாய வேண்டாம், கொடி கட்டித் துணி காயப்போடவும் வேண்டாம்.

5,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் "எந்த முகாம், என்ன தேதி, பதிவு எண் என்ன" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதிவு எண் வராது. வராத அந்தப் பதிலையும் ரசீதையும் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தரவில்லை என்றால் நாகர்கோவில் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், அங்கே வக்கீல் கட்டாயமில்லை.