150 சிங்கப்பூர் வெள்ளியில் கோல்ஃப் தூரமானி: அக்காவிடம் கேளுங்கள்

குழியில் நட்டிருக்கும் கொடி எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவியைக் கைக்காசுக்குள் வாங்குவது பற்றி மட்டும் கேளுங்கள். ஸ்விங் திருத்துவது வேறு ஆள் வேலை.

ஈசூன் குமரன்: அக்கா, மாதம் ரெண்டு தடவை ஜோகூர் போய் ஆடுறேன். கையில 150 வெள்ளி. கடைக்காரர் காட்டுற லேசர் 1000 மீட்டர் வரைக்கும் அளக்குமாம். எடுக்கலாமா?

அக்கா: பெட்டியில் போட்டிருக்கும் 1000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது பெரிய சுவர், பிரதிபலிக்கும் பலகை போன்றவற்றுக்கான கணக்கு. காற்றில் ஆடும் துணிக்கொடிக்கு அதில் பாதிகூட வராது, உங்களுக்குத் தேவையும் 200 மீட்டர்தான்.

பார்க்க வேண்டியது கொடியைப் பிடிக்கும் திறன். கருவி கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. அரை மீட்டர் அகலக் கொடி 150 மீட்டரில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான். கை கொஞ்சம் நடுங்கினாலும் துடிப்பு பின்னாலுள்ள மரத்தில் பட்டு 172 என்று வரும். கிட்ட இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் 'பின் லாக்' வசதி இதற்காகத்தான். பிடித்ததும் கருவி அதிரும், அல்லது திரையில் அடையாளம் வரும். வேட்டைக்கென்று விற்கும் மலிவு மாடல்கள் சில இதற்கு நேர்மாறு, புதரைத் தாண்டித் தூரத்தில் இருப்பதை எடுக்கும். அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

6 மடங்கு உருப்பெருக்கம், பின் லாக், மீட்டர் யார்டு இரண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். 150 வெள்ளிக்கு முன்பின் தெரியாத புதுக் கருவியைவிட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஸ்லோப் (ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் வசதி) இல்லாத பழைய மாடலைக் கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் தேடுவேன்.

பிடிக்கும் விதமும் இருக்கிறது. இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியபடியே கொடிக்கு இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். வரும் எண்களில் சின்னதுதான் கொடி. சந்தேகமா? கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) முன்னாலுள்ள பங்கர் என்ற மணல் பள்ளத்தின் விளிம்பையும் ஒரு தடவை அளங்கள். கொடி அதைவிடக் கொஞ்சம்தான் கூட வர வேண்டும். கருவி கைக்கு வந்ததும் முதல் வேலை, மீட்டரா யார்டா என்று பார்ப்பது.

செங்காங் தேவி: இப்போதைக்கு ஒரு காசும் செலவு பண்ண முடியாது. ஆப் போதுமா அக்கா?

அக்கா: ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். 18பேர்டீஸ், ஹோல்19, ஸ்விங்யூ மூன்றிலும் இலவசப் பதிப்பு உண்டு. அடிப்படையாகக் கிடைப்பது கிரீனின் முன், நடு, பின் தூரம். கொடி எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. சில மீட்டர் பிழையும் இருக்கும். ஆனால் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடினால் திறன் குறைவு) 20க்கு மேல் உள்ளவருக்கு நடுவைப் பார்த்து அடிப்பதே நல்லது. திடலின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். ஜோகூர் போகும் காஸ்வே பாலம் தாண்டி டேட்டா இல்லாமல் விழிக்க வேண்டாம். பகியில் (திடலில் ஓட்டும் சிறு வண்டி) வெயில் படும் இடத்தில் போனை மாட்டினால் சூட்டில் தானாக மங்கும், சில சமயம் அணைந்தும் விடும்.

புக்கிட் பாத்தோக் ரவி: ரெனவேஷன் கான்ட்ராக்டர் வச்சிருக்கிற லேசர் மீட்டர் வீட்ல சும்மா கிடக்கு. அது ஆகுமா?

அக்கா: ஆகாது. அது அறைக்குள் 40, 50 மீட்டருக்குச் செய்தது. வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி உங்கள் கண்ணுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

தோ பாயோ நசீர்: கரோசெல்ல ஒண்ணு பாத்திருக்கேன். என்ன சோதிக்கணும்?

அக்கா: எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காசைக் கொடுத்து வாங்கிவிட்டு ஓடாதீர்கள், பத்து நிமிடம் கேளுங்கள். முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். வெள்ளை, பச்சைப் பூச்சு இருந்தால் வேண்டாம். லென்ஸை வானத்துப் பக்கம் காட்டிப் பாருங்கள், சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பார்க்காதீர்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய பையிலேயே கிடந்த கருவிக்கு வரும் நோய், துடைத்தால் போகாது.

பிறகு ஒரு விளக்குக் கம்பத்தைப் பத்துத் தடவை அளங்கள். ஒரு மீட்டருக்கு மேல் தாண்டித் தாண்டி வந்தால் விட்டுவிடுங்கள். கூகள் மேப்பில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எதிர் புளோக் சுவர் வரை அதில் அளந்து ஒப்பிடுங்கள். சுவரை மட்டும் குறி வையுங்கள், அடுத்தவர் சன்னல் பக்கம் போக வேண்டாம்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2, 3 வோல்ட், கட்டைவிரல் நுனி அளவு. வட்டமாகத் தட்டையாக இருக்கும் சிஆர்2032 வேறு. அதே அளவில் வரும் ரீசார்ஜ் வகை சில முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட் தரும். கையேடு அனுமதித்தால் ஒழியப் போடாதீர்கள், கருவி எரிந்துபோகலாம்.

ஜூரோங் செல்வம்: 150 வெள்ளிக்கு எது வாங்கலாம்?

அக்கா: குமரனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ் மணி: ஸ்லோப் இல்லாம வாங்கினா வேஸ்ட்னு கூட ஆடுறவங்க சொல்றாங்க.

அக்கா: 140 மீட்டரில் 3 டிகிரி ஏற்றம் என்றால் கொடி சுமார் 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு 147 அடிக்கச் சொல்லும், ஸ்லோப் செய்வது அவ்வளவுதான். ஏற்றத்தின் உயரத்தை அப்படியே தூரத்தோடு கூட்டுவது கண்ணாலேயே போடக்கூடிய கணக்கு. விதிப்படி 2019 முதல் தூரம் அளக்கலாம் (போட்டிக் குழு உள்விதி போட்டுத் தடுக்காதவரை), உயர வேறுபாட்டை அளக்கக் கூடாது. வசதி கருவியில் இருக்கலாம், அணைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) முதல் தடவை பிடிபட்டால் கணக்கில் இரண்டு அடி கூடுதலாகச் சேர்க்கும் தண்டனை, மறுபடியும் என்றால் தகுதிநீக்கம். ஹேண்டிகேப்புக்குப் பதியும் ஆட்டத்துக்கும் இதே விதி. வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள்: நிக்கான் கூல்ஷாட் 20 ஜி2வில் ஸ்லோப் இல்லை, 20ஐ ஜி2வில் உண்டு. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

பிடோக் பாலா: மீட்டர் யார்டுன்னு ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க? டிவில யார்டு, யூடியூப்ல யார்டு. யார்டுலயே வச்சா முடிஞ்சது.

தெம்பனீஸ் அருண்: ஸ்கோர் கார்டு மீட்டர்ல இருக்கே பாலா. பத்து சதவீதம் கூட்டிக்கிட்டா போச்சு.

அக்கா: அருண், கூட்டினால் சரி. 150 மீட்டர் உண்மையில் 164 யார்டு, உங்கள் கணக்கில் 165. அவசரத்தில் பலர் கூட்டுவதற்குப் பதில் கழிக்கிறார்கள். 150 மீட்டரை 135 யார்டு ஆக்கினால் பந்து 29 யார்டு குறையும், மூன்று கிளப் (மட்டை) வித்தியாசம். தண்ணீர் முன்னால் இருந்தால் பந்துக்கு வணக்கம்.

பிடோக் பாலா: அதான் சொல்றேன், யார்டுல வச்சா கணக்கே வேண்டாம்.

அக்கா: கேடி (பை தூக்கி வரும் உதவியாளர்) "150" என்று கத்தும்போது வேண்டியிருக்குமே. திடலில் நட்ட தூரக் கம்பமும் மீட்டர், கூட ஆடுபவரும் மீட்டர், நீங்கள் மட்டும் யார்டு. உங்கள் 7 அயர்ன் கிளப்பில் பந்து 140 யார்டு போகுமென்றால் 128 மீட்டர். பையிலுள்ள ஒவ்வொரு கிளப்பையும் இப்படி ஒரு தடவை மாற்றித் துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் ஒட்டுங்கள். மொத்தம் பத்து எண்.

தெம்பனீஸ் அருண்: பாலா ஒட்ட மாட்டார் அக்கா.

பிடோக் பாலா: ஒட்டுறேன், ஆனா யார்டுலதான் ஆடுவேன்.

அக்கா: ஆடுங்கள். கேடியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹவ்காங் மீனா: வெளிநாட்டுத் தளத்துல விலை குறைவா இருக்கு. ஜிஎஸ்டி?

அக்கா: 2023 முதல் 400 வெள்ளிக்குள் வரும் பொருளுக்கும் உண்டு, இப்போது 9 சதவீதம். பதிவுசெய்த தளம் பணம் கட்டும்போதே சேர்த்துவிடும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பொங்கோல் ராஜு: 150 வெள்ளிக்கு நல்லதா ஒண்ணு...

அக்கா: மேலே. மேலே. மேலே.

கிளமெண்டி லதா: காரை விட்டு எடுத்ததும் லென்ஸ் பனி மூடுது.

அக்கா: ஏர்கான் குளிர்ச்சியிலிருந்து திடீரென்று புழுக்கத்துக்கு வந்தால் அப்படித்தான். டீ ஆஃபுக்கு (முதல் அடி) கால் மணி நேரம் முன்பே பையோடு வெளியே வையுங்கள். உள்பக்கம் பனித்தால் மட்டும் கவலைப்படுங்கள், தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு போய்விட்டது. வீட்டில் டிரை பாக்ஸ் (ஈரம் நீக்கும் பெட்டி) இல்லையென்றால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கார் பூட்டில் விடாதீர்கள்.

ஜூரோங் செல்வம்: அக்கா, படிச்சு வாங்கியும் ஆச்சு. நேத்து புதுத் திடல்ல 150 கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு அளந்தேன், கொடி கிரீன் நடுவுல, 137னு காட்டுது. மூணு தடவையும் 137. பழுதா, திருப்பிக் குடுக்கவா?

அக்கா: கம்பம் யார்டு, உங்கள் கருவி மீட்டர். 150 யார்டு 137 மீட்டர்தான். கருவி நல்லா இருக்கு செல்வம்.